மூன்று ஆண்டுகள் மறைக்கப்பட்ட மரணம்

சென்ற போயா விடுமுறையன்று வீட்டில் மூவருமாக இருந்து ஒரு பழைய யப்பானியத் திரைப்படத்தைப் பார்த்தோம். அகிரா குரோசாவா 1980 இல் நெறிப்படுத்திய 'ககேமுஷா'. கனடாவில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஊருக்கு வந்தபோது தந்துவிட்டுப் போன இறுவட்டு அது. பல மாதங்களாக அலுமாரியில் கிடந்தது. இந்தக் காலத்தில் இறுவட்டுப் போட்டுப் படம் பார்க்கும் கடைசி மனிதர் அப்பாதான் என்று மகள் கேலி செய்வதுண்டு. கேலி செய்தவள் மூன்று மணிநேரமும் எழும்பாமல் இருந்து பார்த்தாள்.

எனக்கு இது இரண்டாவது தடவை. முதற்றடவை பார்த்தது 1998 இல். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கொழும்பில் ஓர் அறையை நால்வர் பகிர்ந்து வாடகைக்கு இருந்தோம். ஆசிரிய பீடத்தில் மூத்தவர் ஒருவர் எங்கோ தேடிப்பிடித்த வீடியோக் கசெற்றை என்னிடம் தந்து, "பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் எடுத்த ஆள் இதைப் பார்க்காமல் இருக்கக்கூடாது" என்றார். இரவுக் கடமை முடிந்து வந்து, வாடகைக்கு எடுத்த டெக்கில் அதைப் போட்டுப் பார்த்தோம். பிரதியின் பிரதி அது. சிவப்பு நிறம் கசிந்து பக்கத்து நிறங்களில் ஊறியிருந்தது. ஆங்கில உபதலைப்புகளின் கீழ்ப்பாதி திரைக்குள் வரவில்லை. ஆயினும் அந்தப் படம் மனதில் தங்கிவிட்டது. அதற்குப் படம் மட்டும் காரணமன்று. அக்காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன ஒரு மனிதரும் காரணம். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கசெற்றில் நான் பார்த்தது 162 நிமிடப் படம். யப்பானில் வெளியான முழுப்படம் 180 நிமிடங்கள். வெளிநாட்டு இரசிகர்களுக்குப் பொறுமை போதாது எனக் கருதிப் பதினெட்டு நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். 'ஏழு சாமுராய்கள்' படத்தின் தலைவராக நாம் அறிந்த தகாஷி ஷிமுரா இதில் ஒரு சிறு பாத்திரத்தில் வருகிறார். குரோசாவாவின் படத்தில் அவர் நடித்தது அதுவே கடைசி. 1982 இல் காலமானார். அவரது காட்சிகள் வெட்டுப்பட்ட பகுதிக்குள் போய்விட்டன. ஆகவே அவரை இந்தப் படத்தில் நான் பார்த்தது சென்ற போயா தினத்தில்தான்.

'ககேமுஷா' என்றால் நிழல் வீரன். எதிரிகளை ஏமாற்றுவதற்காகத் தலைவனைப் போல உடுத்தி, தலைவன் இருக்க வேண்டிய இடத்தில் இருத்தப்படுபவன். கதை 16 ஆம் நூற்றாண்டு யப்பானில் நிகழ்கிறது. நாடு பல பிரபுக்களிடையே துண்டுபட்டுக் கிடந்த காலம். இன்றைய யமனாஷி மாநிலமான 'காய்' நாட்டின் அதிபதி தகேடா ஷிங்கென். ஓடா நொபுனாகாவும் தொகுகாவா இயெயாசுவும் அஞ்சிய பெரும் போர்த்தலைவர். அவரது கொடியில் சீனப் போர்நூலாசிரியர் சுன் சூவின் சிந்தனையைத் தழுவிய சொற்கள் இருந்தன. காற்றின் விரைவு, காட்டின் அமைதி, நெருப்பின் சீற்றம், மலையின் அசையாமை ஆகிய நான்கும் ஒரு படைக்கு வேண்டும் என்பது பொருள்.

படத்தின் முதற்காட்சி ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் நீள்கிறது. கமரா அசையவில்லை. ஒரே தோற்றம் கொண்ட மூன்று பேர் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் ஷிங்கென். ஒரு பக்கத்தில் அவருக்கு இதுகாறும் நிழலாக இருந்துவந்த தம்பி நொபுகாடோ. சற்றுத் தள்ளி ஒரு திருடன். சிலுவையில் அறையப்படவிருந்தவனை, உருவ ஒற்றுமை கண்டு தம்பி மீட்டு வந்திருக்கிறார். திருடன் அஞ்சவில்லை, சிரிக்கிறான். சில்லறைக் காசு திருடிய தன்னைக் கள்வன் என்பவர், நாடுகளையே திருடி எண்ணற்ற உயிர்களைக் கொன்றவர் அல்லவா என்று கேட்கிறான். ஷிங்கென் மறுக்கவில்லை. தந்தையை நாடு கடத்தியதையும் பெற்ற மகனைக் கொன்றதையும் தாமே ஒப்புக்கொள்கிறார். வரலாற்றிலும் தந்தையை அவர் 1541 இல் துரத்தினார். மூத்த மகன் யொஷினொபு 1567 இல் சிறைப்பட்ட நிலையில் இறந்தான்.

அடுத்த காட்சியில் உடல் முழுதும் சேறு அப்பிய தூதன் ஒருவன் கோட்டைப் படிகளில் ஓடுகிறான். வழிநெடுகக் களைத்துப்போய்ப் படுத்திருக்கும் வீரர்கள் அவன் கடக்கக் கடக்க வரிசை வரிசையாக எழுகிறார்கள். ஒரு செய்தி ஓடும்போது அதன் பின்னால் ஒரு படையே விழித்துக்கொள்வதைக் காட்டும் அந்த ஓட்டத்தை, செய்தித் தொழிலில் இருக்கும் எவரும் மறக்கமாட்டார்.

முற்றுகையின்போது இரவில் கோட்டைக்குள்ளிருந்து வரும் குழலிசையைக் கேட்க வந்த ஷிங்கெனைத் துப்பாக்கிச் சூடு வீழ்த்துகிறது. வரலாற்றில் அவர் 1573 இல் நோயினால் இறந்தார் என்பதே பலரது கருத்து. சூடுபட்டார் என்பது வழங்கிவரும் கதைகளுள் ஒன்று. குரோசாவா கதையையே எடுத்துக்கொண்டார். அப்போது ஷிங்கெனுக்கு வயது 51. முதன்முறை பார்த்தபோது அவர் எனக்குக் கிழவராகத் தெரிந்தார். இப்போது என்னிலும் இளையவர்.

இறக்குமுன் அவர் இடும் கட்டளை ஒன்றே: என் மரணத்தை மூன்று ஆண்டுகளுக்கு மறையுங்கள், எல்லையைவிட்டு நகராதீர்கள்.

இதன் பின்னர் வருவது என் தொழிலைப் பற்றிய படமோ என்று தோன்றும். பிரேதத்தைப் பெரிய சாடியொன்றில் அடைத்துச் சுவா ஏரியில் இறக்குகிறார்கள். மூடுபனிக்குள் போன படகு சாடியில்லாமல் திரும்புகிறது. கரையில் நின்ற எதிரிகளின் ஒற்றர்கள் அதைக் கண்டு, சாடியில் இருந்தது ஷிங்கெனின் உடல்தான் என ஊகித்துவிடுகிறார்கள். உடனே தகேடா தரப்பு ஓர் அறிவித்தலை விடுக்கிறது: சாடியில் இருந்தது ஏரித் தெய்வத்துக்குப் படைத்த மது. அவ்வளவுதான். கண்ணால் கண்ட ஒற்றர்கள் தம் கண்ணையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். 1998 யூனில் எங்கள் நாட்டில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டிருந்தது. போர்முனைக்குச் செய்தியாளர் போக முடியாது. இரு தரப்பும் வெளியிடும் அறிக்கைகளே எங்களுக்கு வந்து சேரும். அறிக்கையைத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டு அறைக்கு வந்து இந்தக் காட்சியைப் பார்த்த நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். மகிழ்ச்சியில் எழுந்த சிரிப்பன்று.

ஒற்றர்கள் பேசியதை ஒளிந்திருந்து கேட்டவன் அந்தத் திருடன். அதற்குமுன் அவன் புதையல் என்றெண்ணிச் சாடியை உடைத்து உள்ளே பிணத்தைக் கண்டு அலறி, உதவாதவன் என்று விரட்டப்பட்டிருந்தான். இப்போது ஓடிவந்து தளபதிகளின் காலில் விழுகிறான். இறந்துபோனவருக்கு ஏதாவது ஒரு வகையில் பயன்படவேண்டும் என்று கெஞ்சுகிறான். கட்டாயப்படுத்தியபோது மறுத்தவன் தானாகவே நிழலாகிறான்.

வேடத்தில் மாளிகைக்கு வரும் அவனை முதலில் கண்டுகொள்வது ஷிங்கெனின் பேரனாகிய சிறுவன். இவர் என் தாத்தா அல்லர் என்று எல்லோர் முன்னிலையிலும் கத்திவிடுகிறான். பெரியவர்களின் நெஞ்சு நின்றுவிடுகிறது. தாத்தாவிடம் முன்புபோல இப்போது பயமில்லை என்று சிறுவன் சொன்னதும் சூழ்நிலை தப்புகிறது. படிப்படியாக அந்தப் பிள்ளை திருடனோடு ஒட்டிக்கொள்கிறது. சொந்தப் பேரனுக்குக் கிடைக்காத தாத்தாவை ஒரு போலி கொடுக்கிறான். போர்ச் சபையில் கருத்துக் கேட்டுப் பொறிவைக்கும்போது, மலை அசையாது என்ற பொருளில் இரண்டொரு சொல் சொல்லித் தப்புகிறான். இரவுச் சமரொன்றில் குன்றின் மேல் அசையாது இருக்கிறான். அவனைக் காக்க முன்வந்த இளைஞர்கள் குண்டுபட்டு அவன் முன்னே விழுகிறார்கள். பொய்க்காக அவர்கள் கொடுத்த உயிர் பொய்யன்று. அந்த இடத்தில்தான் அவனது முகம் மாறுகிறது.

நடிகர் தட்சுயா நகடாய் இறந்த தலைவராகவும் திருடனாகவும் இரு வேடங்களில் நடித்திருக்கிறார். இவரும் ஒருவகையில் மாற்றாள்தான். முதலில் ஒப்பந்தமானவர் 'சடோய்ச்சி' படங்களால் புகழ்பெற்ற ஷிந்தாரோ கட்சு. தமது நடிப்பைப் பதிவு செய்வதற்கெனச் சொந்தப் படப்பிடிப்புக் குழுவோடு வந்து நின்றபோது குரோசாவாவோடு முரண்பாடு ஏற்பட்டு, தொடக்கத்திலேயே விலகிவிட்டார். இன்னொருவருக்கென அமைக்கப்பட்ட இடத்தில் நகடாய் வந்து அமர்ந்தார்.

குரோசாவாவின் நிலையும் அப்போது நன்றாக இருக்கவில்லை. 1970 இல் வந்த 'டொடெஸ்காடென்' தோல்வியடைந்தது. 1971 இல் தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பினார். அடுத்த படமான 'டெர்சு உசாலா'வை 1975 இல் சோவியத் யூனியனில் எடுக்க நேர்ந்தது. ககேமுஷாவுக்குச் சொந்த நாட்டில் போதிய பணம் கிடைக்கவில்லை. படம் எடுபடாமலே போய்விடுமோ என்ற நிலையில் காட்சிகளை நூற்றுக்கணக்கான ஓவியங்களாகத் தீட்டி வைத்தார். அவரைக் குருவாகக் கருதிய அமெரிக்க நெறியாளர்கள் ஜோர்ஜ் லூக்காஸும் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவும் முன்னின்று, ஹொலிவூட் நிறுவனம் ஒன்றை வெளிநாட்டு உரிமையை வாங்க வைத்தனர். 1980 இல் கான் விழாவின் தங்கப்பனை விருது, பொப் ஃபொஸ்ஸியின் படத்தோடு இதற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்போது குரோசாவாவுக்கு எழுபது வயது.

மூன்று ஆண்டுகளை மனிதர்களால் மறைக்க முடிகிறது, குதிரையிடம் முடியவில்லை. தன்னம்பிக்கை மிஞ்சி ஷிங்கெனின் குதிரையில் ஏறும் திருடனை அது கீழே தள்ளிவிடுகிறது. ஷிங்கெனின் உடலில் இருந்த போர்த் தழும்பு இவனிடம் இல்லாததைப் பெண்கள் கண்டுவிடுகிறார்கள். வேடம் முடிந்தது. கொட்டும் மழையில் வெளியே அனுப்பப்படுகிறான். பேரப்பிள்ளையை ஒருமுறை பார்க்கத் தவிப்பவனுக்குக் கல்லெறி கிடைக்கிறது. நிழலுக்கு உரியவர் போனபின் நிழலின் கதி என்ன என்று தம்பி நொபுகாடோ முன்பே கவலைப்பட்டிருந்தார். விடை அந்த மழையில் நிற்கிறது.

பின்னர் மகன் கட்சுயொரி தந்தையின் கட்டளையை மீறிப் படையை நகர்த்துகிறான். மலை அசைந்துவிடுகிறது. 1575 யூனில் நாகஷினோப் போர். போர்த்துக்கேயர் மூலம் 1543 இல் தனெகஷிமாத் தீவில் யப்பானை அடைந்த துப்பாக்கி, முப்பத்திரண்டு ஆண்டுகளில் அந்நாட்டின் போர்முறையையே மாற்றிவிட்டது. மரவேலிக்குப் பின்னால் நொபுனாகாவின் துப்பாக்கி வீரர்கள். அவர்கள் 3,000 பேர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. 1,000 பேர்தான் என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். நானூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் ஒரு போரின் எண்ணிக்கை தீரவில்லை.

இந்தச் சமரைக் குரோசாவா காட்டும் விதத்தை இளம் வயதில் நான் குறையாக எண்ணினேன். காற்றுப் படை போகிறது. வெடியோசை. காட்டுப் படை போகிறது. வெடியோசை. நெருப்புப் படை போகிறது. மறுபடியும் வெடியோசை. யார் மீது குண்டு பட்டது, யார் எப்படி விழுந்தார் என்பது காட்டப்படவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் தளபதிகளின் முகங்கள் மட்டுமே தெரிகின்றன. நாணற் புதருக்குள் ஒளிந்து நிற்கும் திருடனின் முகமும் தெரிகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் களத்தைக் காட்டுகிறார். எழ முயன்று எழ முடியாமல் விழும் குதிரைகள். அவற்றினிடையே மனிதர்கள். எக்காள ஓசை ஒன்று மட்டும் மெல்லக் கேட்கிறது.

இப்போது அதைக் குறையாக எண்ணவில்லை. நானும் போரை அப்படித்தான் கண்டேன். களத்தை ஒருநாளும் கண்டதில்லை. அதைக் கண்டுவந்தவர்களின் முகங்களையும் முடிந்தபின் வந்த எண்களையுமே கண்டேன்.

முன்னர் குறிப்பிட்ட மனிதர் 1998 இல் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முறை வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். 1996 இல் காணாமற்போன மகனைப் பற்றி அறிவித்தல் கொடுக்க வேண்டும். விளம்பரப் பகுதியில் இருந்தவர் வாசகத்தைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் அனுப்பினார். நல்ல தமிழில் எழுதியிருந்தார். திருத்துவதற்கு ஒன்றுமில்லை. ஓராண்டு கழித்து மீண்டும் வந்தார். அதே படம், அதே வாசகம், வயது 22. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டதே என்று நான் பேனையால் 22 ஐ வெட்டி 25 என்று எழுதினேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, படத்திலை இருக்கிற பிள்ளைக்கு இருபத்திரண்டுதானே" என்று சொல்லித் தமது பேனையால் என் எண்ணை வெட்டினார்.

அவருடைய மனைவி நோயாளி என்றும், மகன் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருப்பதாகவும் ஒருநாள் தேநீர் குடித்தபடி சொன்னார். மகன் எழுதுவதுபோல மாதமொரு கடிதத்தை அவரே எழுதுவார். கண்பார்வை குறைந்த மனைவிக்கு அவரே வாசித்தும் காட்டுவார். "அவன்ரை குணத்துக்கு ஏற்றமாதிரி எழுதவேணும். பகிடி விடுவான். எனக்குப் பகிடி வராது. பழகிப்போச்சு" என்றார்.

மூன்று ஆண்டுகள் தவறாமல் வந்தார். நான்காம் முறை, 2001 இல், நான் ஒரு தவறு செய்தேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்ற எண்ணத்தில், "ஐயா, இந்த முறை நினைவஞ்சலியாகவே போட்டால் என்ன?" என்று கேட்டேன். ஐந்தாண்டுகள் ஆகிவிட்டன, இனியும் ஒருவர் இப்படித் தம்மை வருத்திக்கொள்ளக் கூடாது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நான் பிறகு வாறன் தம்பி" என்று எழுந்து போனார். பிறகு வரவில்லை. அந்த ஆண்டு அறிவித்தலும் வெளிவரவில்லை.

மரணம் ஒன்றை எப்போது அறிவிப்பது என்பதை அதற்கு உரியவர்களே தீர்மானிக்க வேண்டும். ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. ஷிங்கெனின் முறையான இறுதிச்சடங்கு 1576 இல்தான் நடந்தது என்று வரலாற்றில் படித்தபோது அந்த ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்பே நாகஷினோவில் அவரது மூத்த தளபதிகள் பலர் மடிந்துவிட்டனர். 1582 இல் கட்சுயொரியோடு தகேடா குலத்தின் ஆட்சியும் அழிந்தது.

படத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு பார்த்தாலும் அதன் வலிமை குறையாது. கல்லெறிந்து விரட்டப்பட்ட அதே திருடன் ஈட்டியொன்றை எடுத்துக்கொண்டு தனியனாக மரவேலியை நோக்கி ஓடுகிறான். சுடப்படுகிறான். தள்ளாடி ஆற்றில் இறங்குகிறான். நீருக்குள் தகேடாவின் கொடி கிடக்கிறது. அதை எட்டப் போகிறான், முடியவில்லை. அவனது உடல் கொடியைக் கடந்து நீரோடு போகிறது.

இறுவட்டு நின்றபின் மகள் கேட்டாள்: "அவையள்தானே அவனைத் துரத்தினவை. பிறகேன் அப்பா அவன் அந்தக் கொடியைப் பிடிக்கப் போறான்?"

உடனடியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. மனைவி விளக்கைப் போட்டார். அந்த ஆசிரியரின் கதையை அன்றிரவுதான் முதன்முறையாக அவர்களுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு மகள், "அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாதா?" என்றாள். அதுவும் எனக்குத் தெரியாது. குதிரைக்குத் தெரிந்தது ஒரு தாய்க்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று இத்தனை ஆண்டுகள் கழித்து இப்போது யோசிக்கிறேன். ஒருவேளை அவரும் தெரிந்துகொண்டே கடிதங்களைக் கேட்டிருக்கலாம். பகிடி வராத மனிதர் எழுதிய பகிடிகளுக்குச் சிரித்துமிருக்கலாம்.